ஆழம் தெரியாமல் காலை விடாதே! - செட்டிபாளையம் போகும் பைக் பையன்களுக்கு

கோயமுத்தூரில் வேகமாக பைக் ஓட்டும் பையன்கள் இரண்டு வகை. முதல் வகை, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அவினாசி ரோட்டிலும் எல் அண்ட் டி பைபாஸிலும் "டாப் எவ்வளவு போகுது பாக்கலாம்டா" என்று முறுக்கும் வகை. இரண்டாவது வகை, பணம் கட்டி, லெதர் சூட் போட்டுக்கொண்டு, பகலில், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் முறுக்கும் வகை. முதல் வகை நிறைய. இரண்டாவது வகை கொஞ்சம்.

இந்தக் கட்டுரை, முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு மாற நினைக்கிறவர்களுக்காக. மாறுவது நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கிவிட்டால் மட்டும் பைபாஸ் டிராக் ஆகிவிடாது. தயாராகாமல் தெரியாத டிராக்கில் இறங்குகிறவன், பைபாஸில் செய்ததையே காசு கொடுத்துச் செய்கிறான், அவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை. (கோவைக்காரர்களிடம் இதைத் தவிர்க்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) இந்தியாவில் மோட்டார் ரேஸ் என்றால் ஒரு காலத்தில் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சென்னைக்காரர்கள் சரியான டிராக் கட்டினார்கள். சுமார் 3.7 கிலோமீட்டர். கோவைக்கு அது 2003-ல் வந்தது. போத்தனூர் தாண்டி செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. "கரி" என்றால் அடுப்புக்கரி இல்லை :-) எஸ். கரிவர்தன் என்ற கோவைக்காரரின் பெயர். மாருதி 800 எஞ்சினைப் போட்டு, சாதாரணப் பையன்களும் ஓட்டிப் பழகும் விலையில் ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டியவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அதே ஊரிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டி, அங்கே போன முதல் இந்தியர் ஆனார்.

இவ்வளவு இருந்தும், அதே ஊர்ப் பையன்களில் பலர் செட்டிபாளையம் டிராக்கை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. பைபாஸின் ஒவ்வொரு குழியும் தெரியும். டிராக்கின் ஒரு வளைவும் தெரியாது!

டிராக் டே என்பது ரேஸ் இல்லை

இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிராக் டேயில் கோப்பை கிடையாது, மேடை கிடையாது. காசு கட்டியவர்களைத் திறமைக்கேற்பப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்து இருபது நிமிடம் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். கூடவே சொல்லித்தர ஆள் இருப்பார். அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.1 கிலோமீட்டர் டிராக்கை ஒரு புதுப் பையன் சராசரி 70 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 108 விநாடி. பதினைந்து நிமிடத்தில் எட்டு சுற்று. நாள் முழுக்க ஐந்து முறை விட்டால் நாற்பது சுற்று, 84 கிலோமீட்டர். கோவையிலிருந்து ஏறக்குறைய பெருந்துறை வரைக்கும் போகிற தூரம். ஒரு நாள் முழுக்கக் காசு கொடுத்து வாங்குவது இந்த 84 கிலோமீட்டரைத்தான். முதல் இருபது சுற்று "இந்த வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா" என்று கண்டுபிடிப்பதிலேயே போனால், கட்டிய காசில் பாதி காலி.

அதனால்தான் வீட்டிலேயே டிராக்கைப் படிக்க வேண்டும். காசு செலவில்லாத தயாரிப்பு இதுதான். ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை. யூடியூபில் செட்டிபாளையம் டிராக்கை ஹெல்மெட் கேமராவில் எடுத்த வீடியோக்கள் கிடைக்கின்றன. பத்துத் தடவை பாருங்கள். பிறகு வீடியோவை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் டிராக்கின் படத்தை நினைவிலிருந்து வரையுங்கள். எந்த இடத்தில் கை தடுமாறுகிறதோ, அந்த இடத்தில்தான் டிராக்கிலும் தடுமாறும். முடிந்தால் முந்தைய நாளே போய், அனுமதி கேட்டு, டிராக்கை நடந்தே சுற்றி வர வேண்டும். வீடியோவில் மேடு பள்ளம் தெரியாது. தார் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதும் தெரியாது. நடந்தால் தெரியும்.

பிரேக் பிடிக்கும் இடம், வண்டியைச் சாய்க்கும் இடம், வளைவை விட்டு வெளியே வரும் இடம். ஒவ்வொரு வளைவுக்கும் இந்த மூன்றுக்கும் ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் நகராததாக இருக்க வேண்டும். நிழலை அடையாளம் வைத்தால் மதியம் அது இடம் மாறிவிடும். ஆரஞ்சு கூம்பை வைத்தால், யாராவது இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். தாரில் இருக்கும் கறை, கெர்ப் தொடங்கும் இடம், தூரத்து மரம் இவையெல்லாம் நல்ல அடையாளங்கள்.

அமெரிக்காவில் 1980-ல் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் ஆரம்பித்த கீத் கோட் இதற்கு ஓர் அழகான கணக்குச் சொல்வார். ஒரு மனிதனின் கவனம் பத்து டாலர் நோட்டு மாதிரி. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு வேலையும் அதில் ஐந்து டாலரைத் தின்றுவிடும். பழகிவிட்டால் அதே வேலைக்குப் பத்து பைசா போதும். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. புது டிராக், புது டயர், புது லெதர், புது ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் பர்ஸ் காலி. அப்புறம் முன்னால் ஒருவன் விழும்போது செலவழிக்க ஒரு பைசா இருக்காது.

வால்பாறை போனவனுக்கு டிராக் தெரியாதா?

"ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அதையே அநாயாசமா ஏறிட்டேன், இந்தச் செட்டிபாளையம் என்ன பெரிய இது?" என்று கேட்பவர்கள் உண்டு. தப்பான கேள்வி.

மலைப்பாதையில் ஓட்டத் தெரிந்தவன் என்றால், எதிரே பஸ் வரும் என்று எதிர்பார்த்து ஓட்டுகிறவன். தன் பாதி ரோட்டை மட்டும் பயன்படுத்துகிறவன். எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறவன். டிராக்கில் இது தலைகீழ். ரோட்டின் முழு அகலமும் உங்களுடையது. வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளி ஓரத்துக்கு வர வேண்டும். ரோட்டில் ஓட்டுகிறவன் உள்ளே சீக்கிரமே சாய்த்துவிடுவான். வளைவு முடியும்போது ரோடு தீர்ந்துபோய் மண்ணில் இறங்குவான். புதுப் பையன்கள் விழுவதில் பாதி இந்தத் தப்பால்தான் என்று எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத்தின் முதல் இருபது ரைடர்களுக்கும் இதே கதைதான். 2023 செப்டம்பரில் மோட்டோ ஜிபி முதல் முறையாக இந்தியா வந்தது. டெல்லி பக்கம் புத் சர்க்யூட், ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதற்கு முன் அங்கே மோட்டோ ஜிபி பந்தயம் நடந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை அவர்களும் கற்றுக்குட்டி மாதிரி வழி தேடித்தான் சுற்றினார்கள். வெயில் தாங்காது என்று ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை 24 சுற்றிலிருந்து 21 சுற்றாகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்த ஜார்ஜ் மார்ட்டின் வண்டியை விட்டு இறங்கியதும் உடம்பில் நீர்ச்சத்து வற்றிச் சரிந்துவிட்டார். வருடம் முழுக்க உடற்பயிற்சி செய்யும் ஆளுக்கே இந்தக் கதி என்றால், முந்தின நாள் ராத்திரி இரண்டு மணிவரை நண்பர்களோடு அரட்டை அடித்துவிட்டு, காலையில் ஒரு டீயோடு வந்து நிற்கும் நம்மூர்ப் பையனுக்கு?

எனவே தூக்கம், தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல். இதெல்லாம் கேட்க அம்மா அட்வைஸ் மாதிரி இருக்கும். ஆனால் லெதர் சூட்டுக்குள் வெயிலில் பதினைந்து நிமிடம் இருந்து பாருங்கள், அம்மா சொன்னது சரி என்று தெரியும்.

கோவைக்கு மட்டும் உள்ள ஒரு விஷயமும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று செட்டிபாளையத்திலும் வீசும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. காற்று முகத்தில் அடிக்கும் நேர்ப்பாதையில் பிரேக் பிடித்த இடத்தில், காற்று முதுகில் தள்ளும்போது பிடித்தால் வண்டி நிற்காது.

சைலன்சருக்கு இருபதாயிரம், பிரேக் ஆயிலுக்கு மனசில்லை

இப்போது வண்டிக்கு வருவோம். காந்திபுரத்திலிருந்து ஈரோடு வரை எந்த பைக் பையனைக் கேட்டாலும், டிராக் டேக்கு முன்னால் மாற்ற நினைப்பது சைலன்சரைத்தான். சத்தம் நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் முதல் முறை தெரியாத டிராக்குக்குப் போகிறவனுக்கு எஞ்சினில் கூடுதலாக இரண்டு குதிரை வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பணம் போக வேண்டிய இடம் வேறு.

முதலில் பிரேக் ஆயில். வேகம் இரண்டு மடங்கு ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அந்தச் சக்தி முழுக்கச் சூடாக மாறி பிரேக்கில்தான் இறங்கும். செட்டிபாளையம் மாதிரி சின்ன, நெருக்கமான டிராக்கில் பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரத்தில் உள்ள அளவு 155 டிகிரி மட்டும்தான். கொதித்தால் ஆயிலில் குமிழி வரும், லீவர் கைப்பிடியோடு ஒட்டும், வண்டி நிற்காது. ஒரு பாட்டில் பிரேக் ஆயில் சில நூறு ரூபாய். சைலன்சர் இருபதாயிரம். எதை முதலில் வாங்க வேண்டும் என்று சொல்ல பி.காம் படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது டயர். காற்றை பெட்ரோல் பங்கில் அடித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. 30 டிகிரி வெப்பத்தில் 30 பி.எஸ்.ஐ. அடித்த டயர், உள்ளே காற்று 60 டிகிரி ஆனதும் ஏறக்குறைய 34-ஐத் தொடும். அதனால்தான் டிராக்கில் ரோட்டு அளவைவிடக் குறைத்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். எவ்வளவு குறைப்பது என்பது டயரைப் பொறுத்தது. அங்கே இருக்கும் பயிற்சியாளரைக் கேட்பதுதான் சரி. சொந்தமாக ஒரு அளவுமானி வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் சூடாக இருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் பேட், செயின் தளர்வு, ஆக்சில் நட், ஆயில் கசிவு இவற்றையெல்லாம் ஒரு வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும். முந்தின நாள் ராத்திரி கழற்றிப் போட்டால், ஒரு போல்ட் மறந்துபோகும். கண்ணாடி, நம்பர் பிளேட், கிராஷ் கார்டு, சாரி கார்டு கழற்றணும். ஹெட்லைட், இண்டிகேட்டர்களில் டேப் ஒட்டணும். ரேடியேட்டரில் கூலன்ட் இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் இடங்களும் உண்டு. கூலன்ட் தாரில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், பின்னால் வருகிறவன் விழுவான். கோவையில் லேத் பட்டறைக்கும் நல்ல மெக்கானிக்குக்கும் பஞ்சமே இல்லை. ஒரு நாள் ஒதுக்கினால் எல்லாம் முடியும்.

ஸ்பீடோமீட்டரையும் டேப் போட்டு மூடிவிட்டால் இன்னும் நல்லது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறது வண்டி. ஒரு விநாடி மீட்டரைக் குனிந்து பார்த்தால், 28 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

உடம்புக்கு: முழு முகம் மூடும் ஹெல்மெட், ஒரே துண்டு லெதர் அல்லது சிப் போட்டு இணைக்கும் இரண்டு துண்டு லெதர், முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ். ஜீன்ஸும் ஷூவும் தாரின் மேல் ஒரு விநாடிகூடத் தாங்காது. ஹெல்மெட் பட்டை தாடையில் இறுகி நிற்க வேண்டும். விரல் நுழைந்து ஆடும் பட்டை, இல்லாததற்குச் சமம்.

கொடிகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். சிவப்பு என்றால் எல்லோரும் மெதுவாக உள்ளே வர வேண்டும். கறுப்பு காட்டினால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். காலை மீட்டிங்கில் சொல்வார்கள்தான். ஆனால் அப்போது உங்கள் பத்து டாலரும் வேறு எங்கோ இருக்கும்.

"ஏஞ்சாமி, உளுந்து கிளுந்து வெச்சா?"

வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. சிரித்து மழுப்பக் கூடாது.

டிராக் ஆபத்தே இல்லாத இடம் என்று சொல்வது பொய். 2023 ஆகஸ்டில், சென்னை டிராக்கில் தேசிய பைக் சாம்பியன்ஷிப் நடக்கும்போது பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் விழுந்து இறந்துபோனான். அவன் கற்றுக்குட்டி இல்லை, அந்த சீசனில் ஜெயித்துக்கொண்டிருந்த பையன். பந்தயத்துக்கும் டிராக் டேக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் தார் இரண்டுக்கும் ஒன்றுதான். இதை மறைத்துவிட்டு "அங்கே சேஃப்டியம்மா" என்று சொல்லும் பையனை எந்த அம்மாவும் நம்ப வேண்டியதில்லை.

உண்மையான ஒப்பீடு வேறு. வேகமே வேண்டாம் என்று வீட்டில் இருக்கிற பையனுக்கு டிராக் தேவையில்லை. வேகமாகப் போயே தீருவேன் என்கிற பையன் எங்கே போவது என்பதுதான் கேள்வி. பைபாஸில் எதிரே லாரி வரும், நாய் குறுக்கே ஓடும், பால்கேன் வைத்த எக்ஸ்எல் திரும்பும். அங்கே விழுந்தால் அவன் மட்டும் சாவதில்லை, ஒரு தப்பும் செய்யாத பால்காரரும் சேர்ந்து சாகிறார். டிராக்கில் எதிரே யாரும் வருவதில்லை, விழுந்தால் உருள இடம் இருக்கிறது, தூக்க ஆள் இருக்கிறது. சட்டமும் இதையே சொல்கிறது. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இன்னொரு விஷயத்தையும் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சாதாரண பைக் இன்ஷூரன்ஸ் பாலிசியில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் பணம் கிடையாது என்று எழுதியே இருக்கும். டிராக் டேயையும் அதில் சேர்த்துவிட வாய்ப்பு அதிகம். உங்கள் பாலிசியை எடுத்து, சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். வண்டி விழுந்தால் செலவு முழுக்க உங்கள் தலையில் என்று நினைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். மாதத் தவணை முடியாத வண்டி, அதுவும் அப்பா கையெழுத்துப் போட்டு எடுத்த வண்டி என்றால், விழுந்த வண்டிக்கும் தவணை கட்ட வேண்டியவர் அப்பாதான். அவருக்குத் தெரியாமல் அந்த ரிஸ்க்கை அவர் தலையில் ஏற்றுவது சாகசம் இல்லை, மோசடி.

பணக்காரர் விளையாட்டா?

இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. நல்ல லெதர் சூட்டும் பூட்ஸும் கையுறையும் சேர்ந்தால் ஒரு கல்லூரி மாணவனால் தொட முடியாத தொகை ஆகிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு நாள் போடுவதற்கு யார் வாங்குவார்? அதனால்தான் பையன் ஜீன்ஸோடு பைபாஸுக்குப் போகிறான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உபகரணங்களை வாடகைக்குக் கொடுக்கலாம். பயிற்சி வண்டியும் லெதரும் சேர்த்தே தரும் வகுப்புகள் நாட்டில் நடக்கத்தான் செய்கின்றன. முதல் முறைக்கு அவைதான் சரி. மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி இதே செட்டிபாளையத்தில்தான் நடக்கிறது. கார் கட்டும் மாணவனுக்குத் திறக்கும் அந்த வாசல், பைக் ஓட்டும் மாணவனுக்கும் வருடத்தில் இரண்டு நாள் குறைந்த கட்டணத்தில் திறந்தால் என்ன? கல்லூரிக்கு நான்கு செட் லெதர் வாங்கி வைத்தால் நாற்பது பேர் மாற்றி மாற்றிப் போடலாம். கோவையைச் சுற்றி இருக்கும் கல்லூரிகளுக்கு இது பெரிய தொகையே இல்லை, ஒரு ஆண்டு விழாவின் லைட் செட்டிங் செலவில் முடிந்துவிடும். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் பேனர் பிடித்து போட்டோ எடுப்பதைவிட இது நிச்சயம் அதிக உயிரைக் காப்பாற்றும்.

கொங்கு நாட்டில் ரேக்ளா பந்தயம் பார்த்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். 200 மீட்டர், 300 மீட்டர் ஓடப்போகிற காளைக்கு மாதக்கணக்கில் தீனி, நீச்சல், நடை என்று பழக்குகிறார்கள். பந்தயத்தன்று வண்டிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, நுகத்தடியை இழுத்துப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். காளையை அப்படியே தொழுவத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்து விடுகிறவனைப் பெரியவர்கள் வேடிக்கை பார்க்க மாட்டார்கள், திட்டுவார்கள். அரை நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கே அவ்வளவு. நாற்பது சுற்றுக்கு?

முதல் நாளில் லேப் டைம் பார்க்க வேண்டாம். முதல் சுற்றுகளில் பயிற்சியாளர் பின்னால் போய், பாதி வேகத்தில் வழியை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். சாயங்காலம் களைப்பு வந்துவிட்டால், கடைசி செஷனுக்குப் பணம் கட்டியிருந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். போன காசு போனதுதான், அதற்காகக் காலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. போன வண்டியிலேயே, போன உடம்போடு, சாயங்காலம் வீடு திரும்புகிறவன்தான் அன்றைக்கு ஜெயித்தவன். அடுத்த முறை செட்டிபாளையம் அவனுக்குத் தெரியாத டிராக் இல்லை.